சுற்றுவழியும் வழிதான்

சென்ற திங்களில் ஒரு நாள், ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் தோற்றுவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். “நீங்கள் படிப்பது இயற்பியல், தகவல்தொடர்புப் பொறியியலுக்கு ஏன் வருகிறீர்கள்?” என்று கேட்டார்கள். நான் சொன்ன விடை அவர்களுக்கு நிறைவு தரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தரவில்லை.

அன்று இரவு அம்மா கைப்பேசியில் அழைத்தார். “என்ன கண்ணு, இன்னும் எத்தன வருசம் படிப்பே? தங்கச்சிக்கும் பீசு கட்டோணும்” என்றார். அவர் கேட்டதில் தவறு இல்லை. அப்பா தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதும் வருவாயில்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. ஆராய்ச்சியை அடியோடு மறந்துவிட்டு, வொயிட்ஃபீல்டில் கிடைக்கவிருந்த வேலையை ஏற்பது என்று அன்றே முடிவு செய்தேன். வேலைக்குப் போவது பெரிதன்று. மறந்துவிட வேண்டுமே என்பதுதான் நெஞ்சை வருத்தியது.

அந்த நாட்களில்தான் எங்கள் பொள்ளாச்சியில் பிறந்த ஒருவரின் வரலாற்றைப் படித்தேன். அவர் பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். அதே ஊரில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது நாணத்தைத் தந்தது.

அவர் பிறந்தது 1944இல். பதினைந்தாம் வயதிலேயே தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து கடற்படைக்குப் போனார். பணியில் இருந்துகொண்டே டெல்லி ஐ.ஐ.டி.யில் மாணவரானார். 1971ஆம் ஆண்டுப் போரில் ‘குக்ரி’ என்னும் நம் போர்க்கப்பலை எதிரியின் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நீருக்குள் இருக்கும் பகையை ஒலியால் அறியும் சோனார் கருவியைத் திருத்தும் பணி அவரிடம் வந்தது. 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்க் கொச்சியில் ‘அப்சோ’ என்னும் புதிய சோனாரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1983இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தாமஸ் கைலாத்தின் குழுவில் ஆய்வு செய்யப் போனார்.

1986இல் அவர் திரும்பி வந்தது நாம் படிக்கும் இந்தப் பெங்களூருக்குத்தான். செயற்கை நுண்ணறிவு, எந்திரனியல் ஆய்வு மையத்தை இங்கே தொடங்கி நடத்தினார். ஜாலஹள்ளி வழியே பேருந்தில் போகும்போது நாம் காணும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மைய ஆய்வுக்கூடத்தை உருவாக்கியவரும் அவரே. 1991இல் கடற்படையை விட்டு விலகி, மறுபடியும் ஸ்டான்ஃபோர்டு சென்றார். அங்கே மின்பொறியியல் துறையில் பேராசிரியராக உயர்ந்தார். பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில் அவர் பல்கலைக்கழக ஆசிரியர் வாழ்வைத் தொடங்கினார்.

1992இல் அவர் கண்ட கருத்து என்ன? நகரத்தில் கோபுரத்துக்கும் நம் கைப்பேசிக்கும் இடையே பெரும்பாலும் நேர்வழி இல்லை. வானொலி அலைகள் கட்டடங்களில் மோதிச் சிதறிப் பல வழிகளில் வந்து சேர்கின்றன. சில வேளை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்தச் சிதறலைப் பொறியாளர்கள் நெடுங்காலம் தொல்லையாகவே கருதினார்கள். பால்ராஜ் அதைப் பயனாக்கினார். அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்றார். ஒவ்வொரு செய்தியும் வெவ்வேறு விதமாகச் சிதறி வருவதால், கணக்கின் துணைகொண்டு அவற்றைத் தனித்தனியே பிரித்துவிடலாம். தடையே இல்லாத வெட்டவெளியில் இந்தப் பயன் குறைந்துபோகும்! முதலில் ஐயுற்றவர்கள் பலர். 1994இல் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமை பெற்றார். இன்று நம் விடுதியின் வைஃபையும் 4ஜி, 5ஜி கைப்பேசிகளும் ‘மைமோ’ எனப்படும் அந்த முறையைப் பயன்படுத்துகின்றன. 2010இல் பத்மபூஷண் விருதும், 2014இல் மார்க்கோனி பரிசும் அவரைத் தேடி வந்தன.

நண்பர்களே, படித்து முடித்ததும் நானும் அவரைப் போல் ஆகிவிடுவேன் என்று துள்ளவில்லை. அவர் படித்த காலத்தில் கடற்படை ஊதியம் தந்தது. எனக்கு அது இல்லை. எல்லார்க்கும் அந்த அறிவும் வாய்க்காது. ஆனால் ஒன்று எனக்கு விளங்கியது. வேலை ஒரு பக்கம், ஆராய்ச்சி மறுபக்கம் என்று நான் கோடு கிழித்து வைத்திருந்தேன். அவர் வாழ்வில் அந்தக் கோடு இல்லை. கடலுக்குள் ஒலியைத் தேடிய உழைப்பு, பின்னாளில் காற்றில் வரும் அலைகளைப் பிரிக்கும் ஆய்வுக்கு அடிப்படையாயிற்று. சுற்றிப் போன ஆண்டுகள் வீணாகவில்லை.

வேலையை ஏற்றுக்கொள்வேன். தங்கையின் கட்டணத்தைக் கட்டுவேன். ஆனால் எதையும் மறக்கப் போவதில்லை. மாலை நேரங்களில் இத்துறையின் கணக்குகளைப் படித்து, ஈராண்டுக்குப் பின் அதே நேர்முகத் தேர்வுக்குப் போவேன். அலையைப் பற்றிய படிப்பு இயற்பியலில்தான் தொடங்குகிறது என்று, அன்று தடுமாறாமல் விடை சொல்ல வேண்டும்.

இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றிரவு சொல்ல வேண்டும். என் அறைச் சன்னலுக்கு எதிரே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. கோபுரம் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் என் குரல் பொள்ளாச்சிக்குப் போய்ச் சேரும்.