எட்டு மூலைப் பலகை

மோட்டார் ஓட்டத் தெரியாதவனுக்கு அதைக் கற்றுக் கொடுப்பது சுலபம். இருபது வருஷம் ஓட்டியவனுக்குக் கற்றுக் கொடுப்பதுதான் கஷ்டம். இந்த உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னவர், கனடாவில் எனக்குக் கார் பழக்கிய யாழ்ப்பாணத்துக்காரர். சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. விருதுநகரில் நானும் ஒரு டிரைவர் என்று பெயர் எடுத்தவன். தெப்பக்குளத்து பஜாரில், பருப்பு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் விரற்கடை இடம் விட்டுக் காரைக் கொண்டு போயிருக்கிறேன். சிவகாசிச் சாலையில் பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரிகளின் பின்னால் பொறுமையாக உருண்டு போயிருக்கிறேன். என் கதைகளைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். நான் கார் ஓட்டுவதைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான்.

என் மனைவிக்கு டொரொண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து, மூன்று வருஷம் அங்கே குடியிருந்தோம். எழுதுகிறவனுக்கு எந்த ஊரானால் என்ன, மேஜையும் விளக்கும் போதும் என்று நானும் கிளம்பிவிட்டேன். போகும்போது இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேசப் பர்மிட் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் செல்லும் என்று அதில் போட்டிருந்தது. ஆனால் ஒண்டாரியோ மாகாணத்தில் குடியேறியவனுக்குச் சொந்த ஊர் லைசென்ஸ் 60 நாளைக்குத்தான் உதவும். வீடு பார்ப்பதிலும் பாத்திர பண்டம் வாங்குவதிலும் அந்த 60 நாளும் ஓடிவிட்டன. அறுபத்தோராம் நாள் காலையில், சட்டப்படி நான் கார் ஓட்டத் தெரியாதவன்.

மனைவிக்குப் பெரும்பாலும் இரவு வேலை. ஜனவரி மாதம், பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. யாரோ பெற்ற தாய் தகப்பன்மாரை இரவெல்லாம் தூக்கி உட்காரவைத்து, துடைத்துப் படுக்கவைத்துவிட்டு, விடியுமுன் பஸ்ஸுக்காகப் பனியில் நிற்பாள். "நீங்க தூங்குங்க, நான் வந்துருவேன்" என்று போனில் சொல்வாள். தூங்க முடியுமா? காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு ஜன்னலோரம் நிற்பதுதான் நான் செய்யக்கூடிய உபகாரமாக இருந்தது. இருபது வருஷ டிரைவருக்கு அது போதுமான தண்டனை. லைசென்ஸ் வாங்கியே தீருவது என்று அந்த ஜன்னலோரத்தில்தான் தீர்மானித்தேன்.

ஒண்டாரியோவில் 1994 முதல் லைசென்ஸுக்கு மூன்று படிகள். ஜி-1, ஜி-2, அப்புறம் வெறும் ஜி. முதற்படிக்கு எழுத்துப் பரீட்சை: பலகைகளைப் பற்றி 20 கேள்விகள், விதிகளைப் பற்றி 20, ஒவ்வொன்றிலும் 16 சரியாக இருக்கவேண்டும். ஜி-1 வைத்திருப்பவன் தனியாக ஓட்டக்கூடாது. பக்கத்தில் நாலு வருஷமாவது ஓட்டிய அனுபவஸ்தர் ஒருவர் இருக்கவேண்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை வண்டியைத் தொடக்கூடாது. ஒரு வருஷம் கழித்துத்தான் அடுத்த படி. வெளிநாட்டில் ஓட்டியதற்கு ஆதாரம் காட்டினால் அந்தக் காத்திருப்பைக் குறைப்பார்கள், எனக்கும் குறைத்தார்கள்.

இதில் சந்தோஷமான விஷயம் ஒன்று. எழுத்துப் பரீட்சையை அங்கே தமிழிலேயே எழுதலாம். 1983க்குப் பிறகு அந்த நகரத்தில் வந்து சேர்ந்த ஈழத்துத் தமிழர்களின் ஜனத்தொகைக்குக் கிடைத்த மரியாதை அது. இங்கிலாந்தில் கேள்விகளைத் தமிழில் காதால் கேட்கும் வசதி முன்பு இருந்தது; 2014இல் மற்றப் பாஷைகளோடு அதையும் எடுத்துவிட்டார்கள். கனடாவில் இருக்கிறது. உலகத்தின் மறுகோடியில் சாலை விதியைத் தாய்ப்பாஷையில் படிக்கும்போது, விதி பாதி நம்முடையது போல ஆகிவிடுகிறது.

பரீட்சைக்குப் பிறகு சாலை. அங்கே எல்லாம் வலப்பக்கம். ஸ்டியரிங் இடப்பக்கம். சுவீடன் தேசத்தில் 1967 செப்டம்பர் 3ஆம் தேதி விடியற்காலை, நாடே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வியாபாரத்துக்குப் போய் வந்த பர்மாவும் 1970இல் மாறியது. ஒரு தேசம் மாறும்போது கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். தனி மனிதன் மாறும்போது மூளை ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது.

நான் என் குருவை "அண்ணாச்சி" என்பேன். அவர் என்னை "அண்ணை" என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசி வரை தீர்மானமாகவில்லை. "கண்ணாடியை வடிவாப் பாருங்கோ" என்பார். எங்கள் பக்கம் வடிவு என்றால் அழகு. அவருக்கு 'வடிவாக' என்றால் நன்றாக. ஹாரனைப் பற்றியும் எங்களுக்குள் பாஷை வித்தியாசம் இருந்தது. நம் லாரிகள் 'ஒலி எழுப்பவும்' என்று முதுகில் எழுதிக்கொண்டே போகின்றன. ஹாரன் இங்கே ஒரு மரியாதை; "நான் வருகிறேன்" என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. அவர் சொன்னார்: "இஞ்சை ஹோர்ன் அடிச்சா ஏச்சு, அண்ணை."

பழக்கத்துக்கு வராமல் அடம் பிடித்தது கழுத்துதான். அங்கே திரும்பும்போதும் பாதை மாறும்போதும் கண்ணாடி பார்த்தால் போதாது. தலையைத் திருப்பித் தோளுக்குமேல் பார்க்கவேண்டும். கண்ணாடியில் அகப்படாத ஓர் இடம் உண்டு. அதில் ஒரு சைக்கிள்காரன் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காக்கை கூட இல்லாத ஒரு தெருவில் நாலு தடவை திருப்பிவிட்டுக் கேட்டேன்: "ஆளே இல்லையே, அண்ணாச்சி?"

"ஆளிருக்கேக்கை எல்லாரும் பாப்பினம், அண்ணை. ஆளில்லாத நேரம் பாக்கப் பழகவேணும்" என்றார்.

இதே பேச்சை நான் வேறு ஓர் ஊரில் கேட்டிருந்தேன். பல வருஷங்களுக்கு முன், ஒரு கதைக்காகச் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றைப் பார்க்கப் போனபோது. மருந்து வேலை நடக்கும் அறை வாசலில் ஒரு செம்புத் தகடு. உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்கிவிடுவதற்காக, உள்ளே நுழையுமுன் அதைத் தொடவேண்டும். ஓர் அக்கா குடத்தை எடுக்க வெளியே வந்தார், தொட்டார், உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார், மறுபடி தொட்டார். தொடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"நூறு நாளைக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. நூத்தியோராவது நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

கந்தக பூமியில் அந்தப் பதிலுக்கு விளக்கம் தேவையில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீயைக் கண்டு உதவ ஓடிவந்தவர்களும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. அறைக்கு இத்தனை பேர், இத்தனை மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் என்று பட்டாசு ஆலைக்கு இருக்கும் விதிகள் எல்லாம், ஒவ்வொன்றும் எங்கேயோ சிலர் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்தவை.

கனடாக்காரர்கள் எல்லோரும் தர்மபுத்திரர்கள் என்று சொல்ல வரவில்லை. வேகமாகப் போகிறவனும், போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவனும் அங்கேயும் உண்டு. அபராதச் சீட்டுக்குப் பயந்து நல்லவனாயிருப்பவன் அதிகம் உண்டு. ஆனால் பயத்தில் தொடங்கியதுகூட நாளாவட்டத்தில் கைப்பழக்கமாகிவிடுகிறது.

சாலைப் பரீட்சையில் அதிகாரி பேசியதெல்லாம் "இடது", "வலது", "நிறுத்துங்கள்" என்ற மூன்று வார்த்தைகள்தான். என் கழுத்து அன்றைக்குச் சுழன்ற சுழற்சியைத் திருவிழா ராட்டினத்தில்தான் பார்க்கலாம். ஜி-2 கிடைத்தது. மறுவாரமே, விடிய இரண்டு மணி இருக்கும்போது, மனைவியை அழைத்துவரப் புறப்பட்டேன். நாலு தெரு கூடும் இடத்தில் எட்டு மூலைச் சிவப்புப் பலகை. அதைக் கண்டால் சக்கரம் முழுக்க நிற்கவேண்டும். நின்றேன். எதிர்த் தெருவில் ஒரு பழைய காரும் வந்து நின்றது. சுற்றிலும் பனி, ஒரு ஜீவன் இல்லை, போலீஸ் இல்லை. அந்தக் கார்க்காரர் முகம் தெரியவில்லை. ஆனால், பக்கத்து இருக்கையில் வைத்த பிளாஸ்கில் காபியோடு போகிற ஒருவனை இந்த ஊரில் யாரும் இடிக்கமாட்டார்கள் என்று அவர் எழுதிக் கொடுத்தது போலிருந்தது. முதல் முறையாக அந்த ஊரில் நான் அந்நியன் அல்ல என்று தோன்றியது.

மனைவி ஏறிக்கொண்டு, காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மெதுவாப் போங்க" என்றாள். விருதுநகரில் அவள் அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை.

இப்போது ஊரோடு வந்துவிட்டோம். வெளிநாடு போகப்போகும் பையன்கள் சிலர் யோசனை கேட்க வருகிறார்கள். "எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிட்டேன் அண்ணாச்சி, அங்கே கஷ்டமா இருக்குமா?" என்கிறார்கள். எட்டைக் கால் ஊன்றாமல் போட்டுக் காட்டுவது நம் ஊர்ப் பரீட்சை. எட்டு மூலைப் பலகைக்கு முன்னால் நின்று காட்டுவது அந்த ஊர்ப் பரீட்சை. இரண்டாவது பரீட்சையை ஏற்கெனவே தினமும் எழுதித் தேறுகிறவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒரு நாள் சிவகாசிப் பக்கம் போய், அந்த அக்காவைப் போல் யாராவது வேலைக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் போவதில்லை. போய்விட்டு வந்தவன் ஒருவன், மறு கேள்வி கேட்காமல் கிளம்பிப் போனான்.