பெயரை ஈந்த ராஜதானி

நெமிலியில் பஸ் ஏறி, காவேரிப்பாக்கத்து ஏரியையும் வாலாஜாப்பேட்டையையும் கடந்து, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றைப் பாலத்தின்மேல் தாண்டுகிறவருக்கு, எதிர்க்கரையில் தென்படும் ஆர்க்காடு ஒரு காலத்தில் கர்நாடக தேசம் முழுமைக்கும் ராஜதானியாக விளங்கியது என்று யாரேனும் சொன்னாலன்றித் தோன்றாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாதத்துல்லா கான் என்னும் நவாபின் காலத்தில், செஞ்சிக்கிருந்த ஆதிக்கம் இவ்வூருக்கு வந்தது. 1751-இல், நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் சைனியம் திருச்சிராப்பள்ளி முற்றுகையில் முனைந்திருந்த சமயம் பார்த்து, ராபர்ட் கிளைவு ஏறக்குறைய 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் எதிர்ப்பின்றிப் புகுந்து, பின்னர் சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் வளைத்துக்கொண்டபோது 50 நாள் தாக்குப்பிடித்தான். கிளைவின் வீரப் பிரதாபத்தைப் பள்ளியில் பாடமாகவே படித்தோம். சோற்றை வெள்ளையருக்கு விட்டுக்கொடுத்து, வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்ததாகச் சொல்லப்படும் சிப்பாய்களைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அந்தக் கோட்டையில் இன்று பார்க்கத்தக்கதாய் எஞ்சி நிற்பது பாலாற்றங்கரையிலுள்ள தில்லி வாசல்தான்.

இவ்வூரின் விசேஷம், தன் பெயரைப் பிறருக்கெல்லாம் தாராளமாய் வழங்கிவிட்டுத் தான் சிறிய ஊராகவே இருந்துவிட்டதுதான். ஆர்க்காட்டு ரூபாயைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அச்சடித்தனர். வட ஆர்க்காடு ஜில்லாவுக்குத் தலைநகராயிருந்தவை முதலில் சித்தூரும், 1911 முதல் வேலூரும். தென் ஆர்க்காட்டுக்கோ கடலூர். ஆர்க்காட்டு இளவரசர் வசிப்பது சென்னை இராயப்பேட்டை அமீர் மகாலில். ஆர்க்காடு சாலையும் சென்னையில்தான் பேர்பெற்றது. 1780-இல் இந்நகரைக் கைப்பற்றிய ஹைதர் அலிகூட, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே அடக்கமாகியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் திருநாமத்தைத்தான் தம் புதல்வனுக்குச் சூட்டியிருந்தார். 2019-இல் புதிய மாவட்டம் பிறந்தபோதும் தலைமை ஸ்தானம் ஆற்றின் மறுகரையிலுள்ள ராணிப்பேட்டைக்கே போயிற்று.

பெயரோடு பண்டமும் ஊரிலேயே தங்கியது மக்கன் பேடா ஒன்றில்தான் போலும். கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் முதலியவற்றை வைத்துத் தட்டையாகத் தட்டிப் பொரித்துப் பாகில் ஊறவிடும் இதனைக் குலாப் ஜாமூனுக்குத் தம்பி என்று எண்ணி வாயிலிடுகிறவர் ஏமாந்துபோவார். தில்லி வாசலை வெயில் தாழ்ந்தபின் பார்த்துவிட்டு, கடைத்தெருவுக்கு வந்து, பாகு சொட்டச் சொட்ட இலையில் வாங்கி, நின்றபடியே உண்ணுங்கள்.