கூழ் ஊத்தின ஞாயிறு

கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத பெண். பங்குனி ஆரம்பத்தில் ஒரு ராத்திரி வலியோடு வந்தாள். கர்ப்பிணி அட்டை சாமான் ஏற்றிய லாரியில் தொலைந்துவிட்டது.

"கடைசியா எப்பம்மா குளிச்சே?"

"ஆடியில, கூழ் ஊத்தின பிறகு சிஸ்டர்."

ஆடியில் தெருவுக்கு ஒரு ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள். மூன்று வாரம் முன்னே பின்னே ஆகலாம். 34 வாரத்துக்குள் வலி வந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவோம். அவள் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ஏழு, எட்டு மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

கணவர் போனில், பழைய குறுஞ்செய்தியில் 12 இலக்க எண் இருந்தது. பிக்மியில் போட்டோம். ஆகஸ்ட் 9. இரண்டாம் மாதமே யாரோ ஒரு நர்ஸ் பொறுமையாகக் கேட்டுப் பதிந்திருக்கிறார். 32 வாரம்கூட முடியவில்லை. முதல் ஊசி போட்டு 108இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

2008இல் பிக்மி வந்தபோது, 'புள்ளத்தாச்சிய பாக்குறதா, கட்டத்த நிரப்புறதா' என்று முணுமுணுத்தவள்தான் நான். வேலைப்பளு இன்றும் குறையவில்லை. ஆனால் அந்தத் தேதிக் கட்டத்தை மட்டும் இப்போது அவசரமாக நிரப்புவதில்லை.

"உங்க தெருவுல எந்த ஞாயித்துக்கிழமைம்மா கூழ் ஊத்துனாங்க?" என்று கேட்டு, காலண்டரைப் புரட்டிப் பார்க்கிறேன்.