வேலூரில் கற்ற வீட்டுக் கணக்கு

‘அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் 1981-லேயே திரும்பக் குடியேறிவிட்டார். ஆகவே கேலியில் ஒன்று குறைந்துவிட்டது! ஆனால் காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் அல்ல. கையில் எக்ஸ்ரே கவர், தோளில் பை, பக்கத்தில் நடக்க முடியாத ஒரு பெரியவர். நாங்களும் அப்படித்தான் போனோம்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்த்தால் இது தமிழ்நாடா, வங்காளமா என்று சந்தேகம் வரும். லாட்ஜ், ஓட்டல், மருந்துக் கடை எல்லாவற்றிலும் வங்காளி எழுத்து, ஹிந்தி எழுத்து. சில லாட்ஜ்களில் அறையிலேயே சமைத்துக் கொள்ளலாம். காலையில் குக்கர் விசில் சத்தம் கேட்கும்போது, ‘அட, எல்லாரும் நம்மைப் போலத்தான்’ என்று மனசுக்கு ஒரு தெம்பு வருகிறது.

1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை இது. 1918-ல் அவர் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். இன்று ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடம்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம். உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது. வலது கையும் காலும் வரவில்லை. 2024-ல் எங்கள் ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் விசாரித்தோம். மாதம் 40,000 ரூபாய். டயபர், மருந்து தனி. “சேர்த்துடலாம்” என்றான் அண்ணன். “யார் கட்டறது?” என்றாள் தங்கை. அண்ணி ஒன்றும் பேசவில்லை. வீட்டில் வைத்துக்கொண்டால் முழுப் பொறுப்பும் தன் தலையில்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அந்த நேரத்தில்தான் டாக்டர், “பாகாயத்தில் சில வாரம் இருந்து பாருங்கள், பிறகு முடிவு பண்ணலாம்” என்றார்.

பாகாயம் ஊருக்கு வெளியே, மலையடிவாரம். டவுன் பஸ் உண்டு. இங்கேதான் 1966-ல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் பிறந்தது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தாராம். நாம் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்து விடுகிறோமே!

இங்கே நோயாளிக்கு மட்டும் பயிற்சி அல்ல, கூட இருப்பவருக்கும்தான். அண்ணன் லீவு போட்டுக்கொண்டு தங்கினான். படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு முதுகு வலிக்காமல் மாற்றுவது, நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்டுவது, சாப்பிட்டதும் அரை மணி நேரம் சாய்க்காமல் இருப்பது — எல்லாம் கற்றுக்கொண்டான். பக்கத்துப் படுக்கையில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை, தன் அப்பாவின் முதுகைத் துடைத்துவிட்டு, சிவந்த இடம் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பான். படுக்கைப் புண் வந்துவிட்டால் வலியும் செலவும் எங்கேயோ போய்விடும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

ஊர் திரும்பியதும் நோட்டை எடுத்து எழுதினோம். பகலில் மட்டும் ஆள் 15,000, டயபர் நாளைக்கு நாலு, நாற்பது ரூபாய் வீதம் மாதம் 4,800, மருந்து 3,500, வாரம் ஒரு தரம் பிசியோதெரபி 2,000. மொத்தம் 25,300. நர்சிங் ஹோம் என்றால் டயபரும் மருந்தும் சேர்த்து 48,300 ஆகியிருக்கும். நானும் தங்கையும் ஆளுக்குப் பத்தாயிரம், மீதி அண்ணன். பெண் பிள்ளைகள் எதற்குக் கொடுக்கணும் என்று ஒரு சித்தி கேட்டார். பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் வருஷச் சட்டம் மகன், மகள் இருவரையும்தான் பிள்ளைகள் என்கிறது.

இன்னொரு பங்கையும் நோட்டில் எழுதினோம்: அண்ணியின் உழைப்பு. அதற்கு விலை போடவில்லை. ஆனால் ராத்திரி புரட்டுவது அண்ணன் வேலை, மாதத்தில் இரண்டு ஞாயிறு நானோ தங்கையோ போய் இருந்து அண்ணிக்கு லீவு என்று முடிவாயிற்று. “நீங்க போய்ட்டு வாங்க அண்ணி, நான் பார்த்துக்கறேன்” என்று முதல் தடவை சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களுக்கும், அதற்குப் பின் சில வார மருந்துக்கும்தான். வருஷக்கணக்கான பராமரிப்புக்கு அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைக்குத்தான். பணம் முடியாதவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கரைக் கூச்சப்படாமல் பாருங்கள். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபியும் கவனிப்பும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

எல்லா வீட்டிலும் இது முடியாது. மூக்கில் குழாய், தொண்டையில் குழாய் என்று இருந்தாலோ, வீட்டில் ஆளே இல்லை என்றாலோ நர்சிங் ஹோம்தான் சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சேர்க்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: கட்டணத்தில் எது அடக்கம், எது தனி? ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ்? முன்பணம் திரும்ப வருமா? திடீரென்று உடம்பு மோசமானால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள்?

வைத்தியச் செலவு ஒரு நாளில் வந்து நிற்கும் பில் அல்ல சகோதரிகளே, மாதா மாதம் வரும் வாடகை மாதிரி. பணத்தை மட்டும் பங்கு போடாமல் கைகளையும் பங்கு போட்டுக்கொண்டால்தான் கட்டி முடிக்கலாம்.