ஆச்சியோட மூக்குத்தியும் ஒரு ஃப்ளாஷும்

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் வாங்கின புதுசுல எல்லாரும் நினைக்கிறதைத்தான் நானும் நினைச்சேன். கேமரா மண்டையிலயே குட்டியா ஒரு ஃப்ளாஷ் எட்டிப் பாக்குதே, அப்புறம் தனியா எதுக்கு தண்டச்செலவு?

2009 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி ஆச்சியை பட்டாசல்ல (நடுக்கூடம்தாங்க) உக்கார வச்சு படம் எடுத்தேன். பாத்துட்டு ஆச்சி கேட்டது ஒரே கேள்வி.

"ஏலே, மூஞ்சில மாவு அப்புன மாதிரில்லா இருக்கு. என் மூக்குத்திய எங்கலே?"

மானம் போச்சு :-)

சென்னை திரும்பினதும் முதல் வேலையா ஃப்ளாஷ் தேட ஆரம்பிச்சேன். கடைக்காரர் 'கைடு நம்பர்' பெருசா இருக்கிறதா வாங்குங்கன்னார். தூரத்தை அப்பர்ச்சர் எண்ணால பெருக்கினா வர்றதுதான் கைடு நம்பர். ஐ.எஸ்.ஓ 100-ல 12 மீட்டர்னா, எஃப்/4 வச்சா 3 மீட்டர் வரைக்கும் வெளிச்சம் போதும். கேமராவோட ஒட்டிப் பிறந்த ஃப்ளாஷுக்கு ஏறக்குறைய இவ்வளவுதான் சக்தி.

ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. கேனான் 430இஎக்ஸ்-க்கு 43, நிக்கான் எஸ்பி-600-க்கு 30னு போட்டிருக்கும். அடேங்கப்பா, எவ்வளவு வித்தியாசம்னு தோணும். முதல் எண் 105 மி.மீ. ஜூம்ல அளந்தது, ரெண்டாவது 35 மி.மீ.ல. ரெண்டையும் 35-ல வச்சுப் பாத்தா 31, 30. அவ்வளவுதான் சமாச்சாரம்!

என்னைக் கேட்டா நம்பரை விட முக்கியம் ஃப்ளாஷோட கழுத்து. மேல மட்டும் நிமிர்ந்தா பத்தாது, பக்கவாட்டுலயும் திரும்பணும். இல்லேன்னா கேமராவை செங்குத்தா புடிச்சதும் ஃப்ளாஷால கூரையைப் பாக்க முடியாது. அடுத்தது டிடிஎல். முதல்ல லேசா ஒரு மின்னல் அடிச்சு, திரும்பி வர்ற வெளிச்சத்தை கேமராவே அளந்து சக்தியை முடிவு பண்ணிக்கும். குழந்தைகள், விசேஷ வீடுன்னு எடுக்கிறவங்களுக்கு இது வேணும். பொறுமையா பூவும் பாத்திரமும் எடுக்கிறவங்களுக்கு விலை கம்மியான மேனுவல் ஃப்ளாஷே போதும்.

நான் கழுத்து திரும்புறதா பாத்து செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினேன். அந்த வருஷ தீபாவளிக்கு அதே பட்டாசல், அதே ஆச்சி. இந்த தடவை ஃப்ளாஷை ஆச்சி பக்கம் காட்டவே இல்லை. பக்கத்துல சுண்ணாம்பு அடிச்ச சுவர் பக்கம் திருப்பி அடிச்சேன். மொத்த சுவரும் ஜன்னல் மாதிரி ஆகி, வெளிச்சம் மெத்துனு ஒரு பக்கமா வந்து விழுந்துச்சு. சுருக்கம் சுருக்கமா முகம். மூக்குத்தியில ஒரு பொட்டு வெளிச்சம். (பச்சைப் பெயின்ட் சுவர்ல இதைப் பண்ணிராதீங்க, முகமும் பச்சையாயிடும்.)

ஆச்சி கேமராவை வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது நாந்தாம்லே"ன்னா.

2011-ல ஆச்சி போய்ச் சேந்துட்டா. பட்டாசல்ல மாலை போட்டு மாட்டியிருக்கிறது அந்தப் படத்தைத்தான்.

தண்டச்செலவுன்னு இப்பல்லாம் நான் சொல்றதில்லை.