ஊதும் கருவியிலிருந்து ஆய்வறிக்கை வரை

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரின் இரத்தத்தையும் பிடிபட்ட கஞ்சாப் பொட்டலத்தையும் ஆராய்ந்து, நீதிமன்றம் ஏற்கும் அறிக்கையாக்கித் தருவது தடய அறிவியல் ஆய்வகத்தின் பணி. தமிழ்நாட்டில் இப்பணியின் வரலாறு 1849இல் சென்னையில் ஏற்பட்ட இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்குகிறது. இன்று மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகத்தில் மதுவிலக்கு, போதைப்பொருள், நஞ்சியல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

வடசென்னையின் பெரம்பூர் நெடுஞ்சாலையிலோ முரசொலி மாறன் மேம்பாலத்தின் பக்கத்திலோ ஒருவரை நிறுத்திப் போக்குவரத்துக் காவலர் ஊதச் சொல்லும்போதே சோதனை தொடங்கிவிடுகிறது. கருவிக்குள் இருக்கும் பிளாட்டினம் மின்முனையில் மூச்சிலுள்ள ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்போது உண்டாகும் மின்னோட்டத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185இன்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கருவி தொடுவது மூச்சை. சட்டம் பேசுவதோ இரத்தத்தை. ஒரு பங்கு இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் 2,100 பங்கு மூச்சில் இருக்கும் என்ற சராசரிக் கணக்கே இரண்டையும் இணைக்கிறது. இதன்படி 30 மில்லிகிராம் என்ற வரம்பு, ஒரு லிட்டர் மூச்சில் சுமார் 0.14 மில்லிகிராம் ஆகிறது. இவ்வளவு சிறிய அளவைப் பிழையின்றிக் காட்ட வேண்டுமானால், அளவு தெரிந்த ஆல்கஹால் ஆவியைக் கொண்டு கருவியைக் குறித்த கால இடைவெளியில் அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். சற்று முன்தான் குடித்தவர், வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பயன்படுத்தியவர், ஏப்பம் விட்டவர் ஆகியோரின் வாயில் தங்கிய ஆவி எண்ணைக் கூட்டிவிடும். அதனால் 15 நிமிடம் காத்திருந்து ஊதச் சொல்வது முறை.

கைதானவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்கிறது சட்டம். அப்போது எடுக்கும் இரத்தம் ஆய்வகத்துக்கு வருகிறது. ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இல்லாவிட்டால், நுண்ணுயிர்கள் இரத்தச் சர்க்கரையை நொதிக்கச் செய்து, குடிக்காதவர் இரத்தத்திலும் ஆல்கஹாலை உண்டாக்கக்கூடும். ஆய்வகத்தில் மூடிய குப்பியைச் சூடாக்கி, மேலே சேரும் ஆவியை வாயு நிறப்பகுப்புக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் வெளிவருவதால் எத்தனாலும் மெத்தனாலும் தனித்தனியே தெரியும். 2023இல் மரக்காணம் பகுதியிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் மாண்டனர்.

போதைப்பொருள் வழக்குகளின் பாதை வேறு. வடசென்னையின் துறைமுகமும் சரக்குப் பெட்டக முனையங்களும் ரயில் நிலையங்களும் அதிகாரிகள் கண்காணிக்கும் வழிகள். துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்திலேயே ஓர் ஆய்வகம் உண்டு. 2022இல் வந்த விதிகளின்படி மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும். கஞ்சா, அபின், சரஸ் என்றால் 24 கிராம், மற்றவை 5 கிராம், எல்லாம் இரட்டை மாதிரிகள். பொட்டலம் ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலை முத்திரையைப் பார்ப்பது. அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா, கடிதத்துடன் வந்த மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா, எடை சரியா என்று பார்த்து எழுதிய பிறகே பொட்டலம் பிரிக்கப்படும்.

கஞ்சாவை முதலில் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். இலையின் மேல் கரடி நகம் போல் வளைந்த தூவிகளின் அடியில் கால்சியம் கார்பனேட் இருப்பதால், அமிலம் பட்டதும் நுரைக்கும். பிறகு நிறச் சோதனை. மார்க்விஸ் கரைசலில் ஹெராயின் ஊதாவாகவும் மெத்தாம்ஃபெட்டமைன் ஆரஞ்சுப் பழுப்பாகவும் மாறும். நிறம் சந்தேகத்தை எழுப்புமே தவிர முடிவைச் சொல்லாது. முடிவு, மூலக்கூறை உடைத்து எடைபோடும் நிறைமாலைக் கருவியோடு இணைந்த வாயு நிறப்பகுப்பில்தான் கிடைக்கிறது. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. ஹெராயினுக்கு அவை முறையே 5 கிராமும் 250 கிராமும். கலப்படப் பொருளையும் சேர்த்த மொத்த எடையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிக அளவானால் குறைந்தது பத்தாண்டுச் சிறை, ஜாமீனும் அரிது.

இத்தனை பெரிய விளைவு இருப்பதால்தான் மேற்பார்வை இந்தத் தொழிலின் உயிர்நாடியாகிறது. மேற்பார்வையாளர் ஒவ்வொரு கோப்பிலும் சில கேள்விகளைக் கேட்கிறார். வெற்று மாதிரி சுத்தமாக வந்ததா? அளவு தெரிந்த மாதிரி சரியான எண்ணைத் தந்ததா? இரண்டு முறை செய்த சோதனைகள் ஒத்துப்போகின்றனவா? கையெழுத்திட்டவர் தாமே சோதித்தாரா? இக்கேள்விகள் கேட்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் சாட்சி. போஸ்டனில் ஹிண்டன் ஆய்வகத்தின் வேதியியலாளர் ஒருவர் சோதிக்காத பொருள்களுக்கும் முடிவு எழுதியது 2012இல் வெளியானது. 2017இல் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடி ஆயின. பிறர் செய்வதைவிடப் பல மடங்கு மாதிரிகளை அவர் முடித்துக் கொடுத்ததைத் திறமை என்றே மேலிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியச் சட்டம் இப்பொறுப்பை இன்னும் கூட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 329இன்படி, மாநிலத் தடய அறிவியல் ஆய்வகத்தின் இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் ஆகியோரில் ஒருவர் கையெழுத்திட்ட அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் விரும்பினால் அழைத்து விசாரிக்கலாம். அழைக்காத வழக்குகளில் அறிக்கையே பேச வேண்டும். ஆகவே, குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்வியையும் கையெழுத்திடும் முன் ஆய்வகமே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரம்பூரில் ஊதியவருக்கும், அவர் வண்டி மோதி அடிபட்டவருக்கும் நியாயம் கிடைப்பது அந்தக் கையெழுத்தின் நேர்மையைப் பொறுத்தது.