நான்கு சக்கர மூடிகள்

2005ஆம் ஆண்டு, மலாயாப் பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு தொடங்கியபோது, அப்பா தம்முடைய பழைய கஞ்சில் மகிழுந்தை எனக்குக் கொடுத்தார். "பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்க வேணாம்மா, நீயே ஓட்டிக்க" என்று சாவியைக் கையில் வைத்தார். தெலுக் இந்தானில் லாரி ஓட்டி எங்கள் மூவரையும் படிக்க வைத்தவர் அவர். 1994இல் பெரோடுவா அறிமுகப்படுத்திய அந்தச் சின்ன வண்டிதான் நம்மவர் பலரின் வீட்டில் முதல் மகிழுந்து. எங்கள் வீட்டுக்கும் அதுவே முதல்.

அந்த வண்டியில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. நான்கு சக்கர மூடிகளையும் அப்பா இரும்பு ரிம்மோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மூடிக்கு இரண்டு வீதம் எட்டுக் கட்டுகள். மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்தக் கறுப்பு 'கேபிள் டை'. சாம்பல் நிற மூடியில் அவை எடுப்பாகத் தெரிந்தன. கழகத்தின் கலை இரவுக்குப் பொருள்கள் ஏற்றப் போயிருந்தபோது தோழி ஒருத்தி, "உங்கப்பா திருடனுக்குப் பயந்து வீல் கேப்புக்கு வெலங்கு மாட்டிட்டாரா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிரவே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் எட்டையும் வெட்டி எறிந்தேன்.

மூன்று வாரங்கள் கழித்து, வீட்டிலிருந்து கோலாலம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சபாக் பெர்ணாமைத் தாண்டி, செகிஞ்சான் வயல்களை ஒட்டிய சாலை. இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு குழியில் இறங்கி ஏறின. 'டக்' என்று ஓர் ஓசை. பின்னோக்குக் கண்ணாடியில் பார்த்தேன். ஏதோ ஒரு வட்டத் தட்டு சாலையில் உருண்டு, துள்ளி எழுந்தது. அதற்கு நேர் பின்னே ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்தவர் ஒரு மலாய்க்காரர். அவர் முதுகைக் கட்டிக்கொண்டு பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. அவர் சட்டென்று வண்டியை ஒடித்துப் புல்வெளியில் இறக்கினார். வண்டி ஆடியது. கால்களை ஊன்றி நிறுத்திவிட்டார்.

நான் ஓடினேன். எனக்குப் பேச்சு வரவில்லை. இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வயலோரத்தில் கிடந்த மூடியை அவரே எடுத்து வந்து என்னிடம் நீட்டி, "ஹாத்தி-ஹாத்தி, டிக்" என்றார். கவனமாக இரு, தங்கச்சி. அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

விரிசல் விட்ட மூடியை எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு பழைய உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கச் சக்கர மூடிகள் தொங்கின. கடைக்காரச் சீனப் பெரியவர் என் மூடியைத் திருப்பிப் பார்த்தார். "இது உன் காருடையது இல்லை. அளவு சரி, 12 அங்குலம். ஆனால் வேறு ஏதோ வண்டியுடையது. கொக்கியும் இரண்டு உடைந்திருக்கிறது. கட்டாமலா ஓட்டினாய்?" என்று மலாயில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

சக்கர மூடிகளில் இத்தனை வகை உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். முதலாவது, நடு மூடி. சக்கரத்தின் நடுப்பகுதியை மட்டும் மூடும் சிறிய கிண்ணம். பழங்கால வண்டிகளில் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறாமலும் தூசி புகாமலும் காத்தது இதுதான். ஸ்போர்ட் ரிம்மின் நடுவில் சின்னம் பொறித்த வட்டமாக இன்றும் இருக்கிறது. இரண்டாவது, முழு மூடி. இரும்பு ரிம்மின் முகம் முழுவதையும் மறைக்கும் நெகிழித் தட்டு. பின்புறம் சுற்றிலும் நெகிழிக் கொக்கிகள். அவற்றை வெளிப்பக்கமாக விரித்துப் பிடிக்க ஓர் எஃகுக் கம்பி வளையம். கொக்கி உடைந்தாலோ வளையம் தளர்ந்தாலோ பிடிமானம் போய்விடும். என்னுடையது இந்த வகை. மூன்றாவது, சக்கர நட்டுகளே இறுக்கிப் பிடிக்கும் மூடி. நட்டைக் கழற்றாமல் இது எளிதில் வெளியே வராது. நான்காவது, ரிம்மின் விளிம்பை மட்டும் அழகுபடுத்தும் பளபளப்பான வளையம். ஐந்தாவது, ஓட்டையே இல்லாத தட்டையான மூடி. காற்றின் தடையைக் குறைக்கப் பந்தயக்காரர்கள் பயன்படுத்தியது. காற்றை எளிதில் கிழித்துச் செல்லும் அந்த எண்ணமே 2017இல் வந்த டெஸ்லா மாடல் 3 மின்வண்டியின் சக்கர மூடியிலும் இருக்கிறது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். 'ஆர்' என்ற எழுத்தை அடுத்து வரும் எண்தான் ரிம்மின் அளவு. மூடியின் அளவும் அதுவாகவே இருக்க வேண்டும். மாட்டும்போது காற்றடிக்கும் வால்வு, அதற்குரிய பள்ளத்தில் நேராக அமர வேண்டும். காலால் உதைக்காமல் உள்ளங்கையால் சுற்றிலும் சமமாக அழுத்த வேண்டும். இன்னொன்றையும் சொன்னார்: "மூடி எதையும் தாங்குவதில்லை. தாங்குவது உள்ளே இருக்கும் நான்கு நட்டுகள். டயர் மாற்றி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மூடியைக் கழற்றி நட்டை இறுக்கிப் பார்."

அன்றிரவு அப்பாவைக் கைத்தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுகளை வெட்டியதை மட்டும் கடைசியில் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

"பழசு ஒன்னு ஒடஞ்சு போச்சும்மா. அப்போ கையில காசு இல்ல. பத்து வெள்ளிக்குக் கெடச்சத மாட்டுனேன். அதான் நாலையும் கட்டிப்புட்டேன். அது திருடனுக்காக இல்ல, பின்னால மோட்டார்ல வர்றவனுக்காக. லாரி ஓட்டுறவன் நான், ரோட்ல எத்தனையோ பாத்துருக்கேன்."

அந்தப் பிள்ளைக்கு அடிபடவில்லையே என்று மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். "சரி, படிம்மா" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் கடையில் ஒரு கட்டு கேபிள் டை வாங்கினேன். கிள்ளானில் வாங்கிய மூடியையும் சேர்த்து நான்கையும், அப்பா கட்டியது போலவே கட்டினேன். கலை இரவன்று வண்டி அப்படியே மண்டபத்து வாசலில் நின்றது. மறுபடியும் யாரோ சிரித்தார்கள். இம்முறை நான் சேர்ந்து சிரிக்கவில்லை, காரணத்தைச் சொன்னேன்.

கஞ்சில் உற்பத்தி 2009இல் நின்றது. எங்கள் வண்டியும் போய்விட்டது. இன்று நான் ஓட்டும் வண்டியில் ஸ்போர்ட் ரிம். கட்ட வேண்டிய மூடி எதுவும் இல்லை. ஆனாலும் ஊருக்குப் புறப்படும் முன் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை குனிந்து பார்க்கிறேன். கழகத்துத் தம்பி தங்கைகளே, அப்பா கொடுத்த பழைய வண்டியை ஓட்டுகிறீர்கள் என்றால், அதில் அழகில்லாமல் தெரியும் எதையும் வெட்டும் முன் ஏன் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.